கரண்ட் போனாலும் நிற்காத இரைச்சல்: யாங்கோன் அறைக்கு ஒரு மலிவு ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் பெட்டி இப்போது ஜன்னலடியில் தரையில் இருக்கிறது. ராத்திரி கரண்ட் போகிறது, தெருவில் மீசெட்டுகள் (ஜெனரேட்டர்கள்) ஒவ்வொன்றாக உறுமத் தொடங்குகின்றன, பெட்டியிலிருந்து வரும் மழை இரைச்சல் ஒரு நொடிகூட அறுபடாமல் ஓடுகிறது. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வீணாக்கிவிட்டு, மூன்றாவதைக் கையால் செய்ய வேண்டி வந்தது.

வெளிச்சத்தத்தை மறைக்க ஸ்பீக்கர் வாங்கப் போனால் எல்லோரும் வாட் பார்க்கிறார்கள். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது, கரண்ட் போன பிறகு அது என்ன செய்யும் என்பதை. அடுத்தது, அதிர்ந்து ஒலி தரும் கூம்பின் அகலம். வாட்டைப் பார்க்கவே வேண்டாம். ஏன் என்று கணக்கோடு கீழே வருகிறது.

வீடு அனோரத்தா ரோட்டுக்குத் தெற்கே, கொன்ஸேடான் தெருக் காளி கோயிலிலிருந்து நடை தூரத்தில், மூன்றாம் மாடி. எல்லோருக்கும் தெரிந்த அதே 12½ அடிக்கு 50 அடி நீள வீடு. முன்னால் தெரு, பின்னால் சாக்கடைச் சந்து, பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டோடு பொது. படுக்கையறை தெருப்பக்கம்.

முதலில் காது, பிறகு போன்

மூன்று ராத்திரி எதுவும் வாங்காமல் சத்தத்தை மட்டும் குறித்து வைத்தது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. மிச்சமெல்லாம் உண்டு: கரண்ட் போனதும் ஜெனரேட்டர், விடியலில் காக்கையும் கூவி விற்பவர்களும், இடைப்பட்ட நேரத்தில் தெருநாய். கரண்ட் நள்ளிரவில் திரும்பினால் “மீ லா பீ” (கரண்ட் வந்தாச்சு) என்று யாராவது கத்துவார்கள், அடுத்த நிமிடம் கட்டடத்தில் உள்ள அத்தனை தண்ணீர் மோட்டாரும் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற ஆரம்பிக்கும். வருஷத்தில் சில நாள் ஒலிபெருக்கியில் பட்டான் என்ற பௌத்த நூலை ஓதுவதும் விடிய விடிய நடக்கும்.

போனில் ஸ்பெக்ட்ராய்டு என்ற இலவச ஆப் போட்டுத் தலையணை மேல் வைத்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று கோடாகக் காட்டும். போன் மைக் காட்டும் டெசிபல் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதே போன், அதே இடம், முன்னும் பின்னும் எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆழமான ஒலிகளைப் போன் மைக் குறைத்தே காட்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஜெனரேட்டர் கோடு பார்க்கவே அழகு. தெருக்கடைகளில் இருக்கும் சின்ன பெட்ரோல் மீசெட் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் தர நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓட வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்றால் நொடிக்கு 25. ஆகவே 25, 50, 75, 100, 125 என்று 25-இன் மடங்குகளில் முள்முள்ளாக எழும். சுமை ஏறி இறங்கும்போது முட்கள் கொஞ்சம் இடம் மாறும். காதுக்கு அதுதான் எரிச்சல். ஜன்னலை மூடிய பிறகு 300 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை பெரும்பாலும் அடங்கிவிட்டன, கீழே இருப்பவை அப்படியே உள்ளே வந்தன. ஸ்பீக்கர் தேர்வு முழுக்க இந்த ஒரு படத்தில் இருக்கிறது. அப்போது அது புரியவில்லை என்பதுதான் முதல் செலவுக்குக் காரணம்.

ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு வேலை: ஜன்னல் ஓட்டையை அடைத்தது. அலுமினியத் தள்ளு ஜன்னலில் இரண்டு கதவும் சேரும் இடத்தில் 5 மில்லிமீட்டர் இடைவெளி. பழைய நார்ப்பட்டை தேய்ந்து உதிர்ந்திருந்தது. புதுப் பட்டையும், சட்டத்தைச் சுற்றிப் பசை போட்ட ரப்பர் பட்டையும் சேர்த்து 8,000 சாட் (மியான்மர் காசு). போனில் 5 டெசிபல் குறைந்தது. பேச்சுக்குரல், ஹாரன், நாய் எல்லாம் நன்றாகக் குறைந்தன. ஜெனரேட்டர் உறுமல் ஏறக்குறைய அப்படியே. கனத்திரையும் தொங்கவிட்டுப் பார்த்தாயிற்று, உறுமலுக்கு அது ஒன்றும் செய்யாது. சொந்த மீசெட்டைப் பால்கனியில் ஓட்டுகிறவர்கள் இந்த அடைப்பு வேலையை நம்பி உள்ளே தூங்க வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ரப்பர் பட்டை அதைத் தடுக்காது.

தவறு ஒன்று: உள்ளங்கை புளூடூத்

முதலில் வாங்கியது இரண்டு அங்குலக் கூம்பு வைத்த சின்ன புளூடூத் ஸ்பீக்கர். உள்ளே பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனால் கவலை இல்லை என்ற கணக்கு. போனில் மழைச்சத்தம் ஓடவிட்டால் முதல் பத்து நிமிடம் சுகமாக இருந்தது. பிறகு காது பழகியதும் மழைக்கு அடியில் ஜெனரேட்டர் தனியாகத் தடதடத்தது. ஒலியைக் கூட்டினால் மழைதான் சீறுகிறது, தடதடப்பு மறையவில்லை.

காரணம் எளிது. ஒரு ஒலியை மறைக்க வேண்டுமானால் அதே அதிர்வெண்ணின் அக்கம்பக்கத்தில் வேறு ஒலி இருக்க வேண்டும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருப்பதை ஓரளவு மூடும். உயர்ந்த சீறலால் கீழே இருக்கும் உறுமலை மூட முடியாது. இந்த அளவுப் பெட்டிகளின் அட்டையிலேயே “180 ஹெர்ட்ஸ் முதல்” என்பது போல எழுதியிருக்கும். தொல்லை இருப்பது 75 முதல் 300 வரை. பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு எட்டாத இடத்தில்.

இன்னும் மூன்று குறைகள் ராத்திரியில்தான் தெரிந்தன. பேட்டரி குறைந்ததும் ஒரு பெண்குரல் அதை அறிவிக்கிறது, அதிகாலை மூன்றரைக்கு. போன் பக்கத்தில் ஏதாவது தடங்கல் வந்து ஒலி நின்றால் ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடுகிறது, மறுபடி எழாது. ஒலியைக் குறைத்தால் உள்ளிருக்கும் சிப் பாஸை (ஆழ்ந்த ஒலியை) கூட்டி, ஏற்றினால் குறைத்து, தன்பாட்டுக்கு விளையாடுகிறது. பாட்டுக்கு அது நல்லது, ஒரே சீரான இரைச்சலுக்கு ஆகாது.

தவறு இரண்டு: நல்ல ஸ்பீக்கர், தவறான பிளக்

அடுத்தது பழைய சாமான் கடையில் நான்கு அங்குல வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான கூம்பு) வைத்த புத்தக அலமாரி ஜோடி, உள்ளேயே ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), 180,000 சாட். கடைக்காரர் “ஆயிரம் வாட் அண்ணே” என்றார். பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் 40 வாட் என்று இருந்தது. ஒலி அருமை. பிரவுன் இரைச்சல் (ஆழ்ந்த ஒலி மிகுந்த இரைச்சல்) போட்டதும் ஜெனரேட்டர் மங்கிப்போனது, முதல்முறையாக. எட்டு மணி முதல் பத்தரை வரை.

பத்தரைக்குக் கரண்ட் போனது. ஸ்பீக்கர் அணைந்தது, அதே நொடியில் தெரு முழுக்க மீசெட் கிளம்பியது. மறைக்க வேண்டிய சத்தம் தொடங்கும் நேரமும் மறைக்கும் கருவி சாகும் நேரமும் ஒன்றே. வாங்கும்போது இது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

சரி, இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் ஒரு மலிவு இன்வெர்ட்டரைப் போட்டு அதில் செருகியது அடுத்த கூத்து. அது தரும் அலை சீரான சைன் அலை அல்ல, படிக்கட்டு அலை. ஸ்பீக்கருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் தானே உறுமியது, அந்த உறுமல் கூம்பு வழியாகவும் வந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம் மின்சாரத்தில். மல்ட்டிமீட்டரில் பார்த்தால் சுமை இல்லாமலே இன்வெர்ட்டர் 0.8 ஆம்பியர் இழுக்கிறது. ஸ்பீக்கரும் சேர்ந்தால் 1.7. ராத்திரி இரண்டு மணிக்குள் பேட்டரி காலி. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை உள்ளே மறுபடி 20 வோல்ட்டுக்கு இறக்கி, அதில் கால் வாட்கூடச் செலவாகாத இரைச்சலை ஓட்டுவது என்பது தண்ணீரை மாடிக்கு ஏற்றி அங்கிருந்து ஒரு டம்ளர் இறக்கிக் குடிப்பது மாதிரி.

வாட் கணக்கு இதோ. சாதாரணக் கூம்பு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 84 டெசிபல் தரும் என்று வைப்போம். இரண்டு மீட்டரில் 78. தலையணையில் வேண்டியது 48. முப்பது டெசிபல் குறைவு என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிவாட். ஆழ்ந்த ஒலிக்குக் காது மந்தம், 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் போலக் கழித்துத்தான் கேட்கும், அதற்காக நூறு மடங்கு கூட்டினாலும் 100 மில்லிவாட். ஆயிரம் வாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது: கார்க் கதவு ஸ்பீக்கர்

12 வோல்ட்டில் நேராக ஓட வேண்டும், கூம்பு அகலமாக இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்து யோசித்தால் பதில் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்து ஜப்பான் பழைய கார்கள் குவிந்த ஊர் இது. அந்தக் கார்களின் கதவில் வருகிற 16 செ.மீ. ஸ்பீக்கர், 4 ஓம், காகிதக் கூம்பு. உதிரிபாகக் கடையில் ஒன்று 20,000 சாட். ஜோடி தேவையில்லை, இரைச்சலுக்கு ஸ்டீரியோ வீண்.

பழைய கூம்பு வாங்கும்போது மூன்று சோதனை. விளிம்பை விரலால் லேசாகத் தொட வேண்டும்: ரப்பர் என்றால் சரி, ஸ்பாஞ்ச் விளிம்பு என்றால் நம் ஊர் ஈரத்தில் பிசுபிசுத்து உதிர்ந்திருக்கும். நான்கு விரலைக் கூம்பில் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ள வேண்டும்: மணல் உரசுவது போல் கேட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கோணியிருக்கிறது, வேண்டாம். கடைசியாக மல்ட்டிமீட்டரில் ஓம்: 4 ஓம் கூம்பு 3.2 முதல் 3.8 வரை காட்டும்.

பெட்டி 12 மில்லிமீட்டர் பிளைவுட். உள் அளவு 30 செ.மீ., 25 செ.மீ., 20 செ.மீ.; பெருக்கினால் 15 லிட்டர். கார்க் கதவுக்குச் செய்த கூம்புக்குச் சின்னப் பெட்டி ஆகாது, 6 லிட்டரில் போட்டுப் பார்த்தபோது குடத்துக்குள் பேசுவது மாதிரி 130 ஹெர்ட்ஸ் பக்கம் உப்பியது. துளை விட்ட பெட்டி வேண்டாம், முழுக்க மூடியதுதான் இதற்கு நல்லது: செய்வது சுலபம், ஆழம் படிப்படியாகக் குறையும், பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறாது.

ஜிக்சா இல்லாததால் வட்டத்தைச் சுற்றி 5 மில்லிமீட்டர் துளைகளை நெருக்கமாகப் போட்டு, இடையில் சாவித்துளை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் தேய்த்தது. வட்டம் 143 மில்லிமீட்டர். ஒவ்வொரு கம்பெனி ஸ்பீக்கரின் சட்டமும் வேறு அளவு, கையில் இருப்பதை அளந்துதான் வெட்ட வேண்டும். பிளைவுட் விளிம்பில் ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் அடுக்கு பிளக்கும். 2 மில்லிமீட்டர் துளை போட்டு, உள்மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத் தேக்குச் சட்டம் வைத்து, வெள்ளைப் பசையோடு முறுக்கினால் பிளக்காது. மழைக்காலத்தில் பசை காய ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விட்டது. வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கை வார்னிஷ் கட்டாயம். இல்லாவிட்டால் ஈரம் ஏறி அடுக்கு விரியும்.

உள்ளே நிரப்ப 150 கிராம் இலவம்பஞ்சு, பழைய தலையணையிலிருந்து. அப்படியே போட்டதில் இழை பறந்து கூம்பின் பின்னால் ஒட்டியது, காயில் இடுக்கில் புகுந்தால் உரசும். எடுத்து, மெல்லிய துணியில் பை தைத்து மறுபடி வைத்தது. பாலியஸ்டர் பஞ்சு கிடைத்தால் இந்த வம்பில்லை.

காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு வழி: கூம்பை மெல்ல உள்ளே தள்ளி விட்டால், இறுக்கமான பெட்டியில் அது சோம்பலாகத் திரும்பி வரும்; ஒழுகினால் படக்கென்று வரும். முதல்தடவை படக்கென்று வந்தது. ஒரு ஊதுபத்தியைப் பெட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டே 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டபோது, வயர் வெளியே வரும் துளைக்கு எதிரில் புகை நடுங்கியது. ஒரு துளி சிலிக்கான். அதற்கப்புறம் கூம்பு ஆற அமரத்தான் திரும்பியது.

மின்பக்கம்

ஆம்ப்: டிபிஏ3110 போர்டு. 8 முதல் 26 வோல்ட் வரை தாங்கும், பேட்டரி சார்ஜில் ஏறும் 13.8-க்கும் பயமில்லை. 5 வோல்ட் பிஏஎம்8403 போர்டு இன்னும் மலிவு, இந்த ஒலி அளவுக்குப் போதும்தான்; ஆனால் தவறி 12 வோல்ட் பட்டால் அந்த நொடியே போய்விடும். எந்த வகையானாலும் ஸ்பீக்கரின் மைனஸ் வயரைப் பேட்டரியின் மைனஸோடு சேர்க்கக் கூடாது. இந்த ஆம்ப்களில் இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கிறது, எர்த் இல்லை.

ஒலி மூலம்: மெமரி கார்டு செருகும் எம்பி3 போர்டு, 10,000 சாட். போன் வேண்டாம், போனில் அழைப்பு வரும், அறிவிப்பு வரும். போர்டையும் ஆம்பையும் ஒரே பேட்டரியில் நேராகப் போட்டதும் பம்பரம் போல ஒரு ரீங்காரம், பாட்டு மாறும்போதெல்லாம் டிக்டிக். எர்த் வழியாக ஒன்றின் அழுக்கு இன்னொன்றுக்குப் போகிறது. மருந்து பி0505எஸ் என்ற சுண்டுவிரல் நகம் அளவுத் தனிமைப்படுத்தும் மாட்யூல். பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் போர்டு, அதிலிருந்து பி0505எஸ், அதிலிருந்து எம்பி3 போர்டு. ரீங்காரம் சுத்தமாக நின்றது. பி1205எஸ் போட்டால் ஒரே அடியில் முடியுமே என்று தோன்றும். அதன் உள்ளீடு 12 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் முன்பின்தான், 13.8-க்கு அது பொருந்தாது. பி0505எஸ் தருவது அதிகபட்சம் 200 மில்லிஆம்ப். யுஎஸ்பி பென்டிரைவ் செருகியபோது தடுமாறியது, மெமரி கார்டில் தடுமாறவில்லை.

இந்த எம்பி3 போர்டுகள் உயிர் பெற்றவுடன் உரத்த குரலில் தன் மோடை அறிவிக்கும். முதல்நாள் அடாப்டரில் நேராக ஓட்டிப் பார்த்தபோது, ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் திரும்பியதும் ஸ்பீக்கரில் ஒரு டப், தொடர்ந்து அந்த அறிவிப்பு. ஜெனரேட்டரே தேவலை. தீர்வு: எப்போதும் பேட்டரியிலிருந்தே ஓடவேண்டும், சார்ஜர் பேட்டரியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கரண்ட் வந்தாலும் போனாலும் போர்டுக்குத் தெரியவே தெரியாது.

பேட்டரி 12 வோல்ட் 7 ஏஹெச் மூடிய ஈய பேட்டரி. பிளஸ் முனையிலிருந்து பத்து செ.மீ.க்குள் 2 ஆம்பியர் ஃப்யூஸ்; இது இல்லாமல் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் பேட்டரி வைப்பது பைத்தியக்காரத்தனம். 11.8 வோல்ட்டில் துண்டிக்கும் போர்டு ஒன்று. எல்லாம் சேர்ந்து ஓடும்போது மல்ட்டிமீட்டரில் 0.14 ஆம்பியர். ஒன்பது மணி நேரத்துக்கு 1.3 ஏஹெச் கூட வராது. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தொடுவதில்லை, ஆயுள் நீளும். 0.7 ஆம்பியர் சார்ஜர் 13.7 வோல்ட்டில் நிலைத்து நிற்கும் வகை. கரண்ட் மூன்று மணி நேரம் இருந்தால் ராத்திரிச் செலவு திரும்ப ஏறிவிடுகிறது.

மொத்தச் செலவு, சாட்டில்: கூம்பு 20,000, பிளைவுட், பசை, ஸ்க்ரூ, சிலிக்கான் 24,000, ஆம்ப் 18,000, எம்பி3 போர்டு 10,000, மாட்யூல்கள் 6,000, பேட்டரி 80,000, சார்ஜர் 30,000, ஃப்யூஸ், வயர், துண்டிக்கும் போர்டு 17,000. ஆக 205,000. விலை வாரத்துக்கு வாரம் ஆடுகிற ஊர், நீங்கள் படிக்கும்போது வேறாக இருக்கும். பேட்டரியும் சார்ஜரும் பாதிக்கு மேல் தின்றன என்கிற விகிதம் மட்டும் அவ்வளவாக மாறாது.

இரைச்சலைச் சமைப்பது

ஒயிட் இரைச்சல் எல்லா ஹெர்ட்ஸிலும் சம சக்தி. காதுக்கு வெறும் சீறல். பிங்க் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும்) 3 டெசிபல் இறங்கும், பிரவுன் 6 டெசிபல். ஜெனரேட்டருக்குப் பிரவுன், பேச்சுக்கும் நாய்க்கும் பிங்க். இரண்டையும் கலந்ததுதான் கடைசியில் நின்றது.

கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி போட்டு, மோனோ டிராக்கில் ஒரு மணி நேரப் பிரவுன். அதற்கு 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ், ஆக்டேவுக்கு 12 டெசிபல். இது முக்கியம்: 60-க்குக் கீழே இந்தக் கூம்பு ஒலியே தராது, ஆனால் முன்னும் பின்னும் வீணாக ஆடும், ஆட்டம் மற்ற ஒலியைக் கலக்கும். இரண்டாவது டிராக்கில் பிங்க், 12 டெசிபல் குறைத்து, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி. கலந்து ஒன்றாக்கியது.

முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டும் இடத்தில் இரண்டு தடவை சறுக்கியது. எம்பி3 போர்டு கோப்பு முடிந்து மறுபடி தொடங்கக் கால் நொடி எடுக்கிறது. ஒரு மணிக்கு ஒரு தடவை அந்தக் கால் நொடி நிசப்தம் தூக்கத்தைக் கலைத்தது. இரைச்சல் எழுப்பவில்லை, அது நின்றதுதான் எழுப்பியது. ஆகவே பத்து மணி நேரக் கோப்பு. ஒரு மணித் துண்டுகளைக் கிராஸ்ஃபேட் செய்து (ஒன்று மங்க மங்க அடுத்தது எழும்படி) ஒட்டும்போது சாதாரண நேர்க்கோட்டு ஃபேட் போட்டால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும், கேட்கவும் செய்யும். ஆடாசிட்டியில் “கான்ஸ்டன்ட் பவர்” என்ற வகையைத் தேர்ந்தால் பள்ளம் இல்லை. 96 கிலோபிட் மோனோ எம்பி3 ஆகப் பத்து மணி நேரம் 432 எம்பி. எந்தப் பழைய கார்டிலும் அடங்கும்.

எங்கே வைப்பது, எவ்வளவு சத்தம்

தலைமாட்டில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அது தவறு. சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வந்தால் இரைச்சலும் அதே பக்கமிருந்து வர வேண்டும், அப்போதுதான் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விட்டுவிடும். பெட்டி ஜன்னலடியில், தலையணையிலிருந்து இரண்டு மீட்டர். தரையும் சுவரும் சேரும் இடத்தில் வைத்தால் ஆழ்ந்த ஒலி இலவசமாகக் கூடும். மூலையில் இன்னும் கூடும், ஆனால் மூலை என்றால் அண்டை வீட்டுச் சுவர். அடுத்த நாள் அவர்கள் வீட்டில் நம் மழை பெய்யும். பெட்டிக்கு அடியில் பழைய டயர் டியூபை நான்காக மடித்து வைத்ததும் கீழ்வீட்டுக்கு அதிர்வு போவது நின்றது.

12½ அடி அகலத்துக்கு 45 ஹெர்ட்ஸிலும் 90 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து முழங்கும். கட்டில் அகலத்தின் நடுவில் இருந்தால் 90 தூக்கலாகக் கேட்கும். கட்டிலை ஒரு முழம் சுவர்ப்பக்கம் தள்ளியதில் அந்த முழக்கம் தணிந்தது, ஈக்வலைசரைத் தொடவே இல்லை.

ஒலி அளவு: ஜெனரேட்டர் முழுசாக மறையும் வரை ஏற்றக் கூடாது. அதன் தடதடப்பின் விளிம்பு கரைந்து, எங்கோ தூரத்து லாரி மாதிரி ஆகும் இடத்தில் நிறுத்த வேண்டும். இங்கே அது போனில் வெளிச்சத்தத்தைவிட 2 டெசிபல் மேலே வந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு, குழந்தைகளைத் தூங்கவைக்க விற்கும் 14 இரைச்சல் கருவிகளைச் சோதித்தது. முழு ஒலியில் 30 செ.மீ. தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. தொட்டிலிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, குமிழைத் தாழ்வாக வைத்தால் போதும்.

எது மறைந்தது, எது மறையவில்லை

இரண்டு மூன்று கட்டடம் தள்ளி ஓடும் மீசெட்டுகள் மறைந்தன. நேர் கீழே ஓடும் பெரிய ஒன்று மறையவில்லை, மங்கியது. நாய் தூரத்தில் குரைத்தால் தெரியாது, வாசலில் குரைத்தால் தெரியும்; திடீரென்று வெடிக்கும் ஒலிக்குச் சீரான இரைச்சல் பாதி மருந்துதான். ஒலிபெருக்கியில் வரும் ஓதலுக்கு ஏறக்குறையத் தோல்வி: அதை மூடும் அளவுக்கு ஏற்றினால் இந்தப் பெட்டியே தொல்லை. அந்த நாட்களில் பின்பக்க அறையில் படுப்பது உத்தமம்.

கையால் செய்ய நேரமில்லை, கடையில்தான் வாங்க வேண்டும் என்பவர்கள் போனில் 80, 100, 125 ஹெர்ட்ஸ் ஒலிகளைத் தனித்தனிக் கோப்பாகக் கொண்டு போகவும். 100-ஐ மெல்லிய ஒலியில் ஓடவிட்டு, தட்டையான “ம்ம்” கேட்டால் சரி. கொசு பறப்பது போலவோ தட்டு நடுங்குவது போலவோ கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கூம்பில் இந்தச் சோதனை தேறுவது அபூர்வம், பக்கத்தில் ஒலியில்லாத இரண்டாம் கூம்பு ஒன்று வைத்திருந்தால் மூன்று அங்குலமும் தேறலாம். பிறகு அடாப்டரைத் திருப்பிப் பார்க்கவும். 12 வோல்ட் டிசி என்று அச்சிட்டிருந்தால் பேட்டரியில் ஓட்ட வழி இருக்கிறது, சார்ஜில் 13.8 வரை ஏறுமே என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு. நேராக 230 வோல்ட் வயர் உள்ளே போனால் ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். கையால் திருகும் குமிழ் இருக்க வேண்டும். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, பேசுகிறதா, டப் என்கிறதா, பழைய ஒலி அளவுக்கே திரும்புகிறதா என்று பார்க்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த பெட்டியில் மாற்றப்போவது: 15-க்குப் பதில் 20 லிட்டர், ஈய பேட்டரிக்குப் பதில் 6 ஏஹெச் லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதற்குரிய சார்ஜரோடு, விலை இறங்கினால்; பிறகு, ஆம்ப் போர்டின் நீல எல்இடியைப் பொருத்தும் முன்பே பிடுங்கிவிடுவது. இப்போது அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது, மழை ஈரத்தில் வாரத்துக்கு ஒரு தடவை உரிந்து விழுகிறது.

தண்ணீர் மோட்டார் மட்டும் பாக்கி. அது காற்றில் வரவில்லை, குழாய் வழியாகவும் சுவர் வழியாகவும் வருகிறது. எந்த ஸ்பீக்கரும் அதற்கு உதவாது. நான்காம் மாடிக்காரர் சம்மதித்ததால் அவருடைய மோட்டாரின் நான்கு காலுக்கும் அடியில் பழைய லாரி டயரிலிருந்து வெட்டிய 4 செ.மீ. துண்டுகள் வைத்து, குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டைக்குள் டியூப் ரப்பர் சுற்றியாயிற்று. டயர்த் துண்டுக்குக் காசு வாங்கவில்லை. அவர் வீட்டு மோட்டார் இப்போது கேட்பதில்லை. இரண்டாம் மாடிக்காரரிடம் இன்னும் பேசவில்லை.